தண்ணிக் கந்தோரின் தீர்மானக் குழு

இராசமலர் அந்தத் திங்கட்கிழமை கந்தோருக்குப் போனது ஒரு துண்டுச் சிட்டைக்காக. பத்து நிமிட வேலை. போய் எடுத்துக்கொண்டு, வரும் வழியில் சந்தையில் நாலு கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு முன்னம் வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம் என்று நினைத்துத்தான் சைக்கிளை எடுத்தாள்.

அந்தக் கந்தோரின் முழுப்பெயர் 'கிளைவாய்க்கால் நீர்ப்பங்குப் பதிவு மற்றும் ஒருங்கிணைப்பு உப பணிமனை'. பெயர்ப் பலகையில் இடம் போதாமல் 'பணிமனை' என்ற சொல்லைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். சனம் அதைத் தண்ணிக் கந்தோர் என்றது. மழையில்லாத சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. யாருக்கு எத்தனை ஏக்கருக்குப் பங்கு என்று கமக்காரரின் கூட்டத்தில் பேசி முடித்தபின், அந்தப் பட்டியல் தண்ணிக் கந்தோரின் கணினிக்குள் போகும். கணினியிலிருந்து ஆளுக்கொரு சிட்டை வெளியே வரும். சிட்டையைக் காட்டினால் வாய்க்கால் ஓவசியர் மதகைத் திறப்பார். காட்டாவிட்டால் திறக்கமாட்டார். கந்தோரின் வேலை அவ்வளவுதான். அந்த வேலைக்கு அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள்.

இராசமலரின் பங்கு ஒன்றரை ஏக்கர், பட்டியலில் அறுபத்திரண்டாம் இலக்கம். அறுபத்தொன்று வரைக்கும் போன வெள்ளிக்கிழமையே சிட்டை அடித்துக் கொடுத்தாயிற்று. மிச்சம் நாற்பத்திமூன்று பேரையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அடுத்த கிழமை வியாழன் வாய்க்காலில் தண்ணீர் வரும். வந்த கையோடு சேறடித்து முளைநெல்லை எறிந்துவிட வேண்டும். பிந்தினால் கதிர் தள்ளும் நேரத்தில் குளம் வற்றிவிடும். அவள் புருசன் யோகநாதன் உழவு மெசினிலிருந்து விழுந்து, குதிக்கால் எலும்பு வெடித்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். அதனால் இந்தப் போகம் முழுவதும் அவள் தலையில்.

கந்தோரில் முகாமைத்துவ உதவியாளர் விஜிதரன் கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். முப்பத்தைந்து வயது. கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"தம்பி, அறுபத்திரண்டு."

"தெரியும் அம்மா. சிட்டை அடிக்கேலாது. கொம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிக்குது."

"என்ன கேள்வி?"

"தனக்குள்ளை கிடக்கிற விண்டோஸ் பழசாப் போச்சாம். புதுசுக்கு மாறுவமோ எண்டு கேக்குது. கீழை ரெண்டு பட்டன். ஒண்டு, இப்ப மாறு. மற்றது, பிறகு நினைவூட்டு."

"இவ்வளவு நாளும் கேக்கேல்லையோ?"

"ஆறு மாசமாக் கேக்குது. நான் காலமை வந்த உடனை 'பிறகு' எண்டதை அமத்திப்போட்டு என்ர வேலையைப் பாப்பன்."

"இண்டைக்கும் அதையே அமத்துங்கோவன்."

விஜிதரன் சுவரைக் காட்டினான். புதிதாக ஒரு சுற்றுநிருபம் ஒட்டியிருந்தது. 'கணினிகளின் பணிசெயல் முறைமையைத் தரமுயர்த்துவது தொடர்பில், உரிய அனுமதியின்றி எந்தவோர் உத்தியோகத்தரும் எவ்விதத் தீர்மானமும் மேற்கொள்ளலாகாது' என்று அதில் இருந்தது. இராசமலர் இரண்டு தரம் வாசித்தாள். இரண்டாம் தரமும் அதில் சிட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை.

உள் அறைக்குள் பொறுப்பதிகாரி வீரபாகு இருந்தார். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனைகள். அவள் விசயத்தைச் சொன்னதும் கதிரையைக் காட்டி இருத்தினார்; மரியாதையான மனிசன்.

"அம்மா, வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. 'மாறு' எண்டு அமத்தினால் அது ஒரு தீர்மானம். 'பிறகு' எண்டு அமத்தினால், அது மாறுறதைப் பிற்போடுற தீர்மானம். ரெண்டும் தீர்மானந்தான். விஜிதரன் ஆறு மாசமா நாளுக்கொரு தீர்மானம் எடுத்திருக்கிறார். நூறுக்கு மேலை! ஒரு உதவியாளர்! நான் இருபத்திமூண்டு வருசமாச் சேவையிலை இருக்கிறன். ஒரு தீர்மானங்கூட எடுத்ததில்லை. அதாலைதான் எனக்கெதிரா இண்டைக்கு வரைக்கும் ஒரு விசாரணையும் இல்லை."

"நல்லது ஐயா. அப்ப என்ர சிட்டையைக் கையாலை எழுதித் தாருங்கோ."

"கையெழுத்துச் சிட்டை கொம்பியூட்டர் இல்லாத கந்தோர்களுக்கு மட்டுந்தான் அனுமதி. எங்களிட்டைக் கொம்பியூட்டர் இருக்கு."

"வேலை செய்யேல்லையே ஐயா."

"வேலை செய்யுது அம்மா. கேள்வி கேட்டுக்கொண்டு நிக்குதெல்லோ? பழுதெண்டால் பழுதெண்டு எழுதலாம். அது பழுதில்லை, காத்திருக்குது." அவர் பச்சைப் பேனையை எடுத்து ஒரு கடிதக் கோவையைத் திறந்தார். "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன். நாளையிண்டைக்கு வாங்கோ."

நாளையின்றைக்குப் போனாள். மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்ற பதில். வெள்ளிக்கிழமை போனாள். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று இன்னொரு பதில். வீரபாகு இரண்டையும் கோவைக்குள் சேர்த்து, கோவை தடித்து வருவதைத் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். இதற்கிடையில் யாரும் அறியாமல் கணினி அணைபட்டால் அதுவும் தீர்மானமாகிவிடும் என்று, கணினிக்குப் பக்கத்தில் காவலாளியை ஒரு கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். புதன்கிழமை மின்சாரம் நின்று கணினி தானாக அணைந்ததாம். மின்சாரம் வந்ததும் திரும்ப எழும்பி அதே கேள்வியைக் கேட்டதாம். மின்சாரத்திடம் விளக்கம் கோருவதா இல்லையா என்று அன்று பின்னேரம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.

வீட்டில் யோகநாதன் கட்டிலில் கிடந்தபடி கேட்டான்:

"என்னப்பா, தந்தவையோ?"

"இல்லை. அந்த மெசினிட்டை ஆரோ பதில் சொல்ல வேணுமாம்."

"பதில் சொல்லத் தெரியாதோ அவைக்கு?"

"தெரியும். சொல்லத்தான் பயம்."

அவன் கூரையைப் பார்த்தான். "இந்த முறை விதைக்காட்டி, ஆவணிக்குப் பிறகு நாங்கள் அரிசி வாங்கித்தான் தின்ன வேணும்," என்றான். அவளுக்கு அது தெரியும். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதும் குசினிக்குள் போய் மிச்ச அரிசியை அளந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் போனபோது கந்தோர் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கலியாணமாக்கும் என்று பார்த்தால், தீர்மானக் குழு. மேலிடம் ஆறு உத்தியோகத்தரைக் கொண்ட குழுவை நியமித்துவிட்டது. தலைமை தாங்க டிஜிற்றல் மாற்ற ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார், பெயர் கோகுலன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்.

நிபந்தனைகளை வாசித்துக்கொண்டு வந்த கோகுலன் ஓரிடத்தில் நின்றார். "குழுவில் பயனாளிப் பிரதிநிதி ஒருவர் கட்டாயம். அவர் பெண்ணாக இருத்தல் வரவேற்கத்தக்கது. விவசாயியாக இருத்தல் மிகவும் வரவேற்கத்தக்கது."

வீரபாகு யன்னலால் வெளியே பார்த்தார். சனம் காத்திருக்கிற மர வாங்கில் இராசமலர் இருந்தாள்.

அவள் என்னவென்று கேட்பதற்குள் அவள் கழுத்தில் மாலை விழுந்தது. குத்துவிளக்கின் மூன்றாம் திரியை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினாள். சிட்டை தரப்போகிறார்கள், அதற்குத்தான் இவ்வளவு சடங்கு என்று நினைத்துக் கையை நீட்டினாள். தந்தது ஒரு நியமனக் கடிதம். தடித்த கடதாசி, மும்மொழி, ஐந்து முத்திரை, அதில் ஒன்று பொன்னிறம். 'பணிசெயல் முறைமை தரமுயர்த்தல் தொடர்பான தீர்மானக் குழுவின் உறுப்பினராகிய இவருக்குச் சகல உத்தியோகத்தர்களும் வேண்டிய ஒத்துழைப்பைத் தாமதமின்றி வழங்குமாறு இத்தால் பணிக்கப்படுகின்றனர்' என்று முடிந்தது.

"இதை எதிலை அடிச்சனீங்கள் தம்பி?" என்று விஜிதரனிடம் மெல்லக் கேட்டாள்.

அவன் மேசையைக் காட்டினான். புத்தம்புதிய மடிக்கணினி. பக்கத்தில் புத்தம்புதிய அச்சு மெசின்.

"ஐயா!" அவள் எழும்பியே விட்டாள். "இதிலை சிட்டை அடிக்கலாமெல்லோ?"

கோகுலன் புன்னகைத்தார். பல இடங்களில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டவர் போலிருந்தது. "அம்மா, இது பழைய கணினியை என்ன செய்வதென்று தீர்மானிப்பதற்காகக் கொள்வனவு செய்யப்பட்ட கணினி. சிட்டை அடிப்பது இதன் நோக்கங்களில் இல்லை. நோக்கத்துக்கு வெளியே ஒரு பொருளைப் பாவிப்பது ஊழல்."

அன்றைய கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. முதல் ஒன்றரை மணித்தியாலம் அதைப் 'பணிசெயல் முறைமை' என்பதா 'இயங்குதளம்' என்பதா என்ற விவாதம். விண்டோஸ் என்றே சொல்லிவிடலாமே என்ற விஜிதரனை எல்லோரும் பார்த்த பார்வையில் அவன் தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டான். பிறகு கோகுலன் திரையில் படங்கள் காட்டி உரையாற்றினார்.

"மாற்றம் என்பது ஒரு பயணம். நான் இதுவரை பதினொரு மாவட்டங்களில் முப்பத்தெட்டு அலுவலகங்களின் மாற்றத்துக்கு ஆலோசனை வழங்கியிருக்கிறேன். முப்பத்தெட்டும் இன்றைக்கும் பழையபடியே இருக்கின்றன. ஏன்? நாங்கள் அவசரப்படவில்லை! ஒரேயோர் அலுவலகத்தில் எங்களைக் கேளாமல் ஒருவர் மாற்றிவிட்டார். அங்கே இப்போது எல்லாம் வேலை செய்கிறது. அதை எப்படி விளக்குவதென்று தெரியாமல் இரண்டு வருடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

கை தட்டினார்கள். தேத்தண்ணியோடு தின்ன றோல்ஸும் பற்றிஸும் வந்தன. இராசமலர் ஒரு பற்றிஸைக் கடதாசியில் சுற்றி யோகநாதனுக்கென்று பைக்குள் வைத்தாள்.

"பயனாளிப் பிரதிநிதியின் கருத்து?" என்று கேட்டார்கள்.

"வியாழக்கிழமை தண்ணி வருது ஐயா. எனக்குச் சிட்டை வேணும்."

கூட்டக் குறிப்பில் அது இவ்வாறு பதிவானது: 'பயனாளிப் பிரதிநிதி நீர்வளம் மற்றும் அச்சுத்துறை ஆகியவற்றின் எதிர்காலம் குறித்து ஆழமான கருத்தொன்றை முன்வைத்தார். சபை பாராட்டியது.'

செவ்வாய்க்கிழமை கள ஆய்வு. கணினி பக்கத்து அறையில்தான் இருந்தது. நடுவில் ஒரு கதவு. இராசமலர் கதவைத் திறக்கப் போனாள்.

"கதவாலை போனால் அது எட்டிப் பாக்கிறது அம்மா," என்று வீரபாகு தடுத்தார். "கள ஆய்வெண்டால் வாகனத்திலை போக வேணும். வாகனம் ஒதுக்கியாச்சு."

எட்டுப் பேரும் வாகனத்தில் ஏறி, முன் படலையால் வெளியே போய், சந்தி வரைக்கும் ஓடித் திரும்பி, பின் படலையால் உள்ளே வந்து இறங்கினார்கள். கணினியின் மேல் போட்டிருந்த துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து விலக்கினார்கள். திரையில் அந்தக் கேள்வி நின்றது. கோகுலன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பின்பக்க வயர்களைப் பார்த்தார். "பழையது," என்றார். ஒருவர் எழுதிக்கொண்டார்.

இராசமலர் விஜிதரனைக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ தம்பி. மாத்தினால் என்ன, மாத்தாட்டி என்ன?"

ஒரு கிழமையாக அவனிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்தாட்டி, இனி இதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஒண்டும் வராது அம்மா. வைரஸ் பூந்தால் பட்டியல் முழுக்கப் போகும். மாத்தினால், பன்னிரண்டு வருசப் பழைய மெசின், புதுசைத் தாங்குமோ தெரியாது. சிட்டை அடிக்கிற புரோகிராமை எழுதின ஆள் கனடா போயிட்டார். புதுசிலை அது ஓடாமலும் விடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப முதல்லை பட்டியலை வேறை எங்கையாவது பத்திரமா எடுத்து வையுங்கோ. மிச்சச் சிட்டையளை இப்பவே அடியுங்கோ. போகம் முடிஞ்சாப் பிறகு, வேலையில்லாத நேரத்திலை, மாத்திப் பாக்கிறது. சரிவந்தால் சரி. சரிவராட்டிப் புது மெசின் கேக்கிறது."

விஜிதரன் அவளைப் பார்த்தபடியே நின்றான். "அரை மணித்தியால வேலை அம்மா," என்றான்.

அவள் அதையே சபையில் சொன்னாள். ஆறு உத்தியோகத்தரும் தங்கள் தங்கள் பேனையைப் பார்த்தார்கள். கடைசியில் கோகுலன் தொண்டையைச் செருமினார்.

"அம்மாவின் யோசனை தெளிவாக இருக்கிறது. அதுதான் கவலை. இவ்வளவு தெளிவான ஒன்றைச் செய்தபின் பிழைத்தால், யார் செய்தார்கள் என்று உடனே தெரிந்துவிடும். நல்ல தீர்மானம் என்றால் பத்துப் பேர் எடுத்தும் ஒருவரும் எடுக்காதது போல இருக்க வேண்டும்."

யோசனை உபகுழுவுக்கு அனுப்பப்பட்டது. உபகுழு இன்னும் நியமிக்கப்படவில்லை.

வியாழக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

வரம்பில் நின்று அவள் பார்த்தாள். நுரைத்துக்கொண்டு, குப்பை செத்தையை இழுத்துக்கொண்டு, மண் நிறத்தில் வந்தது. மேலே சிட்டை கிடைத்தவர்களின் வயல்களில் உழவு மெசின் இரையத் தொடங்கிவிட்டது. கொக்குகள்கூட அந்தப் பக்கம் போய்விட்டன. அவளுடைய ஒன்றரை ஏக்கர் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் அதைத் தொடாமல் பக்கத்தால் ஓடியது. அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகடிக்குப் போனாள்.

ஓவசியர் சிவகரன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். நெடுநாள் பழக்கம். ஆனால் சட்டப்படி நடக்கிறவர்.

"சிட்டை, அக்கா?"

"தம்பி, கந்தோரிலை கொம்பியூட்டர்—"

"எனக்கு உதுகள் தெரியாது அக்கா. சிட்டை இல்லாமல் திறந்தால் என்ர வேலை போகும்."

"காணி உத்தரவுப் பத்திரமாவது பாருங்கோ. என்ர காணிதான் எண்டதுக்குச் சாட்சி." பைக்குள் கையை விட்டுத் தேடினாள். பற்றிஸ் சுற்றிய கடதாசி வந்தது. வங்கிப் புத்தகம் வந்தது. பிறகு அந்த நியமனக் கடிதம் வந்தது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவள் இன்னும் தேடினாள்.

சிவகரனின் கண் பொன்னிற முத்திரையில் நின்றுவிட்டது. கடிதத்தை இரண்டு கையாலும் எடுத்தார். ஐந்து முத்திரைகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். கடைசி வரியை வாய் அசைய வாசித்தார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தவர் நேராக நிமிர்ந்தார்.

"இதை முதலே காட்டியிருக்கலாமே, அக்கா... இல்லை, அம்மா."

"அது சிட்டை இல்லைத் தம்பி. அது வேறை—"

"தாமதமின்றி எண்டெல்லோ போட்டிருக்கு. நான் இப்பவே தாமதிச்சுப்போட்டன்." ஓடிப்போய் மதகின் சக்கரத்தைப் பிடித்தார். "அரைவாசி காணுமோ, முழுக்கத் திறக்கட்டோ?"

இராசமலர் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்தாள்.

"முழுக்கத் திறவுங்கோ," என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே சேறடித்தாள். அடுத்தநாள் காலை அவள் சைக்கிளில் கந்தோரைக் கடந்து போகையில், வாசலில் நாற்பத்திரண்டு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவன் திலீபன். அவளுடைய பக்கத்து வயல்காரன், அறுபத்திமூன்றாம் இலக்கம்.

"என்ன, சிட்டை குடுக்கினமோ?" என்று கேட்டாள்.

"சிட்டை ஆருக்கு வேணும்? நாங்கள் குழுவிலை சேர வந்தனாங்கள்."

வீரபாகு வெளியே வந்தார். நாற்பத்திரண்டு கமக்காரர், வெயிலுக்குள், பணிசெயல் முறைமையைத் தரமுயர்த்துவது பற்றிக் கருத்துச் சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"நான் இந்தச் சேவைக்கு வந்த காலந்தொட்டுச் சனம் எங்களைத் திட்டத்தான் வந்திருக்கு. இண்டைக்குத்தான் பங்குபற்ற வந்திருக்கு. ஒருவரையும் திருப்பி அனுப்பமாட்டன்!"

விஜிதரன் புதிய மடிக்கணினியில் நியமனக் கடிதம் அடிக்கத் தொடங்கினான். ஆளுக்கு மும்மொழி, ஆளுக்கு ஐந்து முத்திரை. நாற்பத்திமூன்று சிட்டையென்றால் அரை மணித்தியாலத்தில் முடித்திருப்பான். இதற்கு மூன்று நாள் எடுத்தது. பொன்னிற மை முடிந்து வவுனியாவுக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தார்கள். சிவகரன் வாய்க்கால் கரையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் நிமிர்ந்து நின்று மதகைத் திறந்தார்.

பயிர் எழும்பியது. கிழமைக்கொரு கூட்டம் நடந்தது. ஐம்பது பேர் கூடும் குழுவுக்கு மண்டபம் காணாமல் கந்தோர் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். உறுப்பினர்கள் வருவதும், கையெழுத்து வைப்பதும், பற்றிஸ் தின்பதும், களை பிடுங்கப் போவதுமாக இருந்தார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் வீரபாகு எழுதினார்: 'கணினி இயங்காத நிலையிலும் இம்முறை நீர் விநியோகம் நூறு வீதம். இதிலிருந்து எமது பணிமனையின் இன்றியமையாமை புலனாகின்றது.' கணினிக்குப் பக்கத்தில் காவலாளியின் கதிரைக்கு மெத்தை வந்தது.

கதிர் தள்ளத் தொடங்கிய கிழமையில் மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்பான கடிதம் வந்தது. பதினான்கு நாட்களுக்குள் குழு தனது தீர்மானத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.

கந்தோரே கலங்கிவிட்டது. ஆறு உத்தியோகத்தருக்கும் வாக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். ஆறிலும் ஒரே பதில்: 'பின்னர் அறியத் தரப்படும்.' வீரபாகு மூன்று நிறப் பேனையாலும் எழுதிப் பார்த்தும் வேறொன்றும் வரவில்லை. அப்போதுதான் கோகுலனுக்கு ஒரு வழி தோன்றியது.

அன்று முற்பகல் இராசமலர் வயலுக்குள் நின்றாள். முழங்கால்வரை சேறு, கையில் மண்வெட்டி. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோகுலனும் வீரபாகுவும் வரம்பால் தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். சங்கதி பரவி, திலீபனும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சுற்றி வந்து நின்றார்கள்.

"அம்மா," என்றார் வீரபாகு, "நீங்கள்தான் எங்கட முதல் பயனாளிப் பிரதிநிதி. இந்தப் படிவத்திலை ரெண்டு பெட்டி இருக்கு. மாத்துறது, மாத்தாமல் விடுறது. ஏதாவது ஒண்டிலை அடையாளம் போட்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. காணும்."

"நானோ? நீங்கள் ஆறு பேர் படிச்ச ஆக்கள் இருக்கிறியள்."

"நாங்கள் படிச்சிருக்கிறம், அதுதான் பிரச்சினை," என்றார் கோகுலன். அவருக்கு வெயில் தலையில் ஏறியிருக்க வேண்டும். மேடைத் தமிழ் கழன்று போயிருந்தது. "நாளைக்குப் பிழைச்சால் எங்கட பதவி உயர்வு போகும். உங்களுக்கு அப்பிடிப் போறதுக்கு ஒண்டும் இல்லையே அம்மா."

இராசமலர் தன் வயலைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை ஏக்கரும் பச்சையாக நின்றது. கதிர்கள் இப்போதுதான் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். நீட்டிய பேனையையும் வாங்கினாள். இரண்டரை மாதமாக இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். பதிலும் அவளுக்குத் தெரியும்.

பேனை பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றது.

"ஐயா, கையெழுத்து வைச்சால் பிறகு குழு?"

"குழுவின்ரை வேலை முடிஞ்சுது. அண்டைக்கே கலைஞ்சிடும்."

"எங்கட கடிதங்கள்?"

"உறுப்புரிமை இல்லாட்டிக் கடிதமும் செல்லாது அம்மா. சிட்டை இனி அடுத்த போகத்துக்குத்தான். சட்டம்."

திலீபன் அவளைப் பார்த்தான். சுற்றி நின்ற எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் நெல்லுக்குப் பால் ஏற இன்னும் மூன்று முறைத் தண்ணீர் பாய வேண்டும். பதினான்கு நாளில் ஒரு முறைதான் வரும்.

இராசமலர் பேனையின் மூடியைப் பூட்டினாள். மண்வெட்டியை வரம்பில் ஊன்றினாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த பேச்சு அவளுக்கே அந்நியமாய் இருந்தது.

"ஐயா, இது லேசுப்பட்ட விடயமில்லை. சகல தரப்பினரதும் கருத்துகளை உள்வாங்க வேணும். உபகுழுவே இன்னும் நியமிக்கப்படேல்லை. இந்த நிலையிலை அவசரப்பட்டு ஒரு தீர்மானத்துக்கு வாறது வருங்காலச் சந்ததிக்குச் செய்யிற துரோகம். கால அவகாசம் கோரி மேலிடத்துக்கு எழுதுங்கோ. ஒரு நாற்பத்தைஞ்சு நாள் காணும்."

வீரபாகு சப்பாத்தைக் கீழே விட்டுவிட்டார்; அது சேற்றுக்குள் புதைந்தது. அவர் கவனிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எங்கை இருந்தனீங்கள் இவ்வளவு காலமும்?"

"வாங்கிலை, ஐயா," என்றாள் இராசமலர். "உங்கட அறைக்கு வெளியிலை."

கோகுலன் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். உறுப்பினர்கள் வழிமொழிந்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேரும் சேற்றில் வழுக்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வந்ததைவிடச் சந்தோசமாக வரம்பால் திரும்பிப் போனார்கள்.

அன்று மத்தியானம் வீட்டில், மாவுக்கட்டு வெட்டிய காலை மெல்ல மடக்கிப் பழகிக்கொண்டிருந்த யோகநாதன் கேட்டான்:

"பெரிய ஆக்கள் வயலுக்கு வந்தவையாம். என்னவாம், முடிவெடுத்திட்டினமோ?"

இராசமலர் குசினி வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் பிடித்த சேறு லேசில் போகவில்லை.

"நான்தான் எடுத்தனான்," என்றாள். "நெல்லு வெட்டி முடியிறவரைக்கும் எடுக்கிறேல்லை எண்டு."